‘பிரேக்’ குறைத்த பேச்சியம்மாள்

ஆள் எடுக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கும் தம்பிகளே, தங்கச்சிகளே, முதலில் என் மானத்தை நானே வாங்கிவிடுகிறேன். பிறகு நீங்கள் வாங்குவதற்கு ஒன்றும் மிச்சம் இருக்காது.

ராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் பர்சனல் டிபார்ட்மெண்டில் கிட்டத்தட்ட முப்பது வருஷம் உட்கார்ந்து, ஊரார் பயோடேட்டாவையெல்லாம் படித்து, ‘இவன் தேற மாட்டான்’ என்று கழித்துக் கட்டிக்கொண்டிருந்தவன் நான். அப்படிப்பட்ட எனக்கு, என்னுடைய சொந்த பயோடேட்டாவின் முதல் வரியில் இருந்த முதல் வார்த்தைக்கு அர்த்தம் தெரியாது. அந்த வார்த்தை ‘ஸ்பியர்ஹெடட்’. மதுரையில் ஒரு பெரிய கம்பெனிக்கு மனுப் போட்டபோது, என் மேஜைக்கு வந்த எவனுடைய பயோடேட்டாவிலிருந்தோ அதைச் சுட்டு என்னுடையதில் ஒட்டியிருந்தேன். பார்க்கக் கம்பீரமாக இருந்தது. அது போதும் என்று நினைத்தேன்.

இன்டர்வியூவில் மூன்று பேர். நடுவில் இருந்தவர் கண்ணாடியை மூக்கு நுனிக்கு இறக்கி, “ஸ்பியர்ஹெடட்னு போட்டிருக்கீங்களே, அப்படி என்ன பண்ணீங்க?” என்று கேட்டார். நான் கொஞ்சமும் தயங்கவில்லை. மில்லில் எல்லாவற்றுக்கும் ஒரு ஸ்பேர் உண்டு. மோட்டாருக்கு ஸ்பேர், பெல்ட்டுக்கு ஸ்பேர், ஆள் வராத அன்றைக்கு மிஷினில் நிற்க ஸ்பேர் ஆள். ஆகவே, “எங்க டிபார்ட்மெண்ட் ஹெட் லீவுல போனா நான்தான் சார் ஹெட். ஸ்பேர் ஹெட்” என்றேன்.

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். அந்தக் கண்ணாடியில் அவ்வளவு அழுக்கு இல்லை. தகவல் சொல்லி அனுப்புகிறோம் என்றார்கள். தகவல் இன்னும் வந்துகொண்டிருக்கிறது.

‘முன்னின்று நடத்தினேன்’ என்பதுதான் அந்த வார்த்தைக்கு அர்த்தம் என்று பிறகு டிக்‌ஷனரி சொன்னது. புத்தியுள்ள மனுஷன் இதிலிருந்து என்ன கற்றுக்கொண்டிருப்பான்? நமக்குத் தெரிந்த வார்த்தையில் நம்மைச் சொன்னால் போதும் என்று கற்றுக்கொண்டிருப்பான். நான் கற்றுக்கொண்டது வேறு. இனிமேல் கம்பீரமான வார்த்தையாகவே போட வேண்டும், ஆனால் அர்த்தத்தைப் பார்த்துவிட்டுப் போட வேண்டும். இந்த அரைகுறை ஞானோதயத்தோடு நான் பல வருஷம் சும்மா இருந்திருந்தால் யாருக்கும் சேதமில்லை. கம்பெனி என்னை ஒருநாள் பயிற்சிக்கு அனுப்பிவைத்தது.

மதுரையில் ஒரு ஓட்டல் ஹால். சித்திரை வெயிலில் கோட்டும் டையுமாக ஒரு பயிற்சியாளர். அவர் காலையிலிருந்து சாயங்காலம் வரை சொன்னதன் சாரம் இதுதான்: பயோடேட்டாவில் ‘ரெஸ்பான்சிபிள் ஃபார்’ என்று எழுதுகிறவன் பலவீனன். இன்ன வேலைக்குப் பொறுப்பாக இருந்தேன் என்று சொன்னால் யார் திரும்பிப் பார்ப்பார்கள்? நடத்தினேன், நொறுக்கினேன், புரட்டிப் போட்டேன், வெட்டிச் சாய்த்தேன் என்று எழுத வேண்டும். ‘ஹெல்ப்டு’ கூடாது, ‘டிரோவ்’. உதவினேன் இல்லை, ஓட்டினேன். ‘ரெட்யூஸ்டு’ கூடாது, ‘ஸ்லாஷ்டு’. குறைத்தேன் என்பது கிளார்க் பாஷை, வெட்டித் தள்ளினேன் என்பது தலைவன் பாஷை. கடைசியில் ஒரு விதி: ஒரு வரியில் எந்த வார்த்தை வலுவில்லாமல் உட்கார்ந்திருக்கிறதோ, அதைத் தூக்கி எறி. இரண்டு பக்கத்துக்கு நெருக்கி அடித்த வார்த்தைப் பட்டியல் ஒன்றும் கொடுத்தார். ஊருக்கு வந்ததும் முதல் வேலையாக அதை லேமினேட் செய்தேன். வீட்டில் என் கல்யாணப் போட்டோவுக்குக்கூட அந்த மரியாதை கிடைத்ததில்லை.

அந்த வருஷம்தான் எங்கள் மில்லின் இரண்டாவது யூனிட்டை மூடுவது என்று முடிவானது. அதைத் தொழிலாளர்களுக்குச் சொல்லும் பொறுப்பு என் தலையில். மூடுகிறோம் என்று சொல்லிவிட்டு அவர்கள் முகத்தைப் பார்க்கத் திராணி இல்லாததால், உங்கள் எல்லோருக்கும் நானே பயோடேட்டா எழுதித் தருகிறேன் என்று வாயை விட்டேன். கல்யாணப் பத்திரிகை மாதிரி நல்ல தாளில் அடித்துத் தருவதாகவும் சொன்னேன். இவ்வளவு நல்ல மனசு எனக்கு இருப்பது எனக்கே அன்றைக்குத்தான் தெரிந்தது.

கேண்டீன் சமையல்காரர் என் கையில் ஒரு வியூக வல்லுநர் ஆனார். வாட்ச்மேன் பாதுகாப்புத் தளபதி ஆனார். அவரோடு கேட்டில் நின்ற ராஜபாளையம் நாயைப் பற்றியும் ஒரு வரி சேர்த்து, நான்குகால் பங்குதாரருடன் ஒருங்கிணைந்து செயல்பட்டார் என்று இங்கிலீஷில் எழுதியிருந்தேன். அதை அவருக்கு வாசித்து விளக்கியபோது, நாய் பேச்சை எடுத்துவிடும்படி கேட்டுக்கொண்டார். இதைப் படித்தால் அதற்குத்தான் வேலை கிடைக்கும், எனக்குக் கிடைக்காது என்பது அவர் கவலை. அந்த ஒரு ஆள்தான் அன்றைக்கு என் இங்கிலீஷைச் சரியாக எடை போட்டவர். நான் சிரித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டேன்.

அடுத்த ஆள் பேச்சியம்மாள்.

பேச்சியம்மாளைப் பற்றிச் சொல்ல வேண்டும். ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து மில் பஸ்ஸில் வந்து போகிறவர். வயது நாற்பத்தைந்து இருக்கும். நூல் சுற்றும் மிஷின்களின் வரிசையில் பல வருஷம் நடந்து, அந்த வரிசைக்கே மேஸ்திரி ஆனவர். பெயரில்தான் பேச்சு. ஒரு நாளைக்குப் பத்து வாக்கியம் பேசினால் அதிகம். கணவர் லாரியில் வடக்கே போனால் வாரம் பத்து நாள் கழித்துத்தான் வீடு திரும்புவார். மகள் பன்னிரண்டாவது படிக்கிறாள். யூனிட்டை மூடினால் திருப்பூர் போய் ஹாஸ்டலில் தங்கி வேலை பார்க்கலாம், கூப்பிடுகிறார்கள். ஆனால் பரீட்சை வருஷத்தில் பெண்ணைத் தனியாக விட்டுவிட்டு எப்படிப் போவது? சாயங்காலம் வீட்டுக்குத் திரும்புகிற தூரத்தில் ஒரு வேலை வேண்டும். இரண்டு ஊருக்கும் நடுவில் ரோட்டோரமாக ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனி இருந்தது. ஆஸ்பத்திரிக் கட்டுத் துணியை நெய்து, வெட்டி, சுருட்டி, பாக்கெட் போட்டு வெளிநாட்டுக்கு அனுப்புகிறவர்கள். அங்கே பாக்கெட் போடும் ஹாலுக்கு சூப்பர்வைசர் தேவை என்று விளம்பரம் வந்திருந்தது. பேச்சியம்மாளுக்கு அது ஒன்றுதான் வழி.

இந்த மில்லில் நீங்கள் சாதித்தது என்ன என்று கேட்டேன். அவர் என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

“நூலு அறும் சார். அறாமப் பாத்துக்கிட்டேன்.”

“அம்புட்டுதானா?”

“அம்புட்டுதான்.”

நூல் அறுவதை மில்லில் ‘பிரேக்’ என்பார்கள். நூல் அறுந்தால் அதைச் சுற்றுகிற கதிர் சும்மா ஓடும், உற்பத்தி போகும். பேச்சியம்மாள் மேஸ்திரியான பிறகு அந்த வரிசையில் பிரேக் குறைந்தது மில்லுக்கே தெரியும். அதை முதலில் நான் ‘ரெட்யூஸ்டு யார்ன் பிரேக்ஸ்’ என்றுதான் எழுதினேன். நூல் அறுவதைக் குறைத்தார். யாரும் குறை சொல்ல முடியாத வரி. பிறகு பட்டியலைப் பார்த்தேன். ‘ரெட்யூஸ்டு’ போய் ‘ஸ்லாஷ்டு’ வந்தது. வெட்டித் தள்ளினார். அப்புறம் அந்த ‘யார்ன்’. நூல். அதே பக்கத்தில் நாலு இடத்தில் வந்துவிட்டது, சோப்ளாங்கி வார்த்தை, வரிக்கு நடுவில் பேசாமல் உட்கார்ந்திருந்தது. விதிப்படி தூக்கி எறிந்தேன். ‘எல்லா ஷிஃப்டிலும்’ என்று ஒரு வாலையும் ஒட்டினேன்.

இப்போது அந்த வரி, எல்லா ஷிஃப்டிலும் பிரேக்குகளை வெட்டித் தள்ளினார் என்று நிமிர்ந்து நின்றது. நான் நாற்காலியில் சாய்ந்து அதை ரசித்தேன்.

பேண்டேஜ் கம்பெனியில் முதலாளியின் மகன் சென்னையிலிருந்து ஒரு எச்.ஆர். மேனேஜரைக் கூட்டிவந்து வைத்திருந்தார். முப்பது வயது இருக்கும், நல்ல பிள்ளை, அதற்கு முன் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தவர். தறியைப் பார்த்திராதவர். அவர் பேச்சியம்மாளை எடுத்த இன்டர்வியூவைப் பற்றிப் பின்னால் இரண்டு பேரும் தனித்தனியாக என்னிடம் சொன்னார்கள். இரண்டு பேரும் சொன்ன வார்த்தைகள் ஒன்றுதான். நடந்தது மட்டும் இரண்டு வேறு வேறு இன்டர்வியூ.

பிரேக்கை எப்படிக் குறைத்தீர்கள் என்று அவர் கேட்டிருக்கிறார்.

“கூடவே நடந்துக்கிட்டே இருக்கணும் சார். உக்காரக் கூடாது. எது நிக்குதுன்னு பாத்துக்கிட்டே இருக்கணும்.”

“நின்னா?”

“ஓடிப் போயி ஒரு கை வைக்கணும். வச்சா ஓடிரும்.”

“கையா?”

“ஆமா சார். அப்படியே விட்டம்னா பக்கத்துல உள்ளதையும் கெடுத்து அதையும் நிப்பாட்டிப் போடும். வெயில் காலத்துலதான் ரொம்பத் தொந்தரவு. காஞ்சு போயி நிக்கும். அதுக்கு மேல பைப்பு போட்டிருக்கு, தண்ணியப் புகை மாதிரி அடிச்சு விடுவோம். குளுந்துட்டா பேசாம ஓடும்.”

பஞ்சாலையில் காற்று காய்ந்தால் நூல் அறும், அதற்காக ஈரம் தெளிப்பார்கள். இது நமக்குத் தெரியும். அந்தத் தம்பிக்கோ, எதிரே உட்கார்ந்திருந்த அம்மா, வேலை செய்யாமல் நின்ற பெண்கள்மேல் தண்ணீர் அடித்ததாகத்தான் கேட்டிருக்கிறது. அவர் பயந்திருக்க வேண்டும். பயப்படவில்லை, சொக்கிப்போய்விட்டார். இப்படி ஒரு ஆளைத்தான் சென்னை முழுக்கத் தேடினேன் என்று பின்னால் என்னிடமே சொன்னார்.

அன்றைக்கு மத்தியானம் எனக்குப் போன் வந்தது. தம்பிகளே, தங்கச்சிகளே, நீங்கள் இந்தத் தொழிலில் இருக்கும்வரை இப்படி ஒரு போன் உங்களுக்கும் வரும். அந்த அம்மா பிரேக்கைக் குறைத்தது உண்மையா என்று எச்.ஆர். தம்பி கேட்டார். நூற்றுக்கு நூறு என்றேன். அதற்கு அவர், “ஆளுங்க எதிர்ப்பு தெரிவிக்கலையா சார்?” என்றார்.

அந்தக் கேள்வியில் நான் நின்றிருக்க வேண்டும். நூல் அறாமல் பார்த்துக்கொண்டால் எந்த ஆள் எதுக்கு எதிர்ப்பு தெரிவிப்பான்? ஒரு மூச்சு யோசித்திருந்தால் போதும், தம்பி, நீங்கள் எதைப் பற்றிக் கேட்கிறீர்கள் என்று கேட்டிருப்பேன். ஆனால் லேமினேட் செய்த தாள் மேஜைக் கண்ணாடிக்கு அடியில் கண்முன்னால் கிடந்தது. அதன் மூன்றாவது பத்தியில் ஒரு வார்த்தை இன்னும் உபயோகப்படாமல் இருந்தது.

“ரூத்லெஸ். அந்தம்மா அந்த விஷயத்துல இரக்கமே பாக்காது” என்றேன்.

வெறும் சூப்பர்வைசர் வேலைக்குப் போன பேச்சியம்மாளை ஷிஃப்ட் இன்சார்ஜ் ஆக்கிவிட்டார்கள். நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் பால்கோவா வாங்கி டிபார்ட்மெண்ட் முழுக்கக் கொடுத்து, ஒரு வார்த்தையின் மகிமையைப் பற்றிக் கால் மணி நேரம் பேசினேன்.

சேர்ந்த மறு ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் அவர் என் வீட்டு வாசலில் நின்றார். என் மனைவி காபி கொடுத்தாள். அவர் அதைத் தொடவில்லை. மடியிலிருந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என் முன்னால் வைத்தார். தமிழில் அடித்த நோட்டீஸ். நாளை முதல் மாலை நேர இடைவேளை ரத்து செய்யப்படுகிறது. கீழே, பேச்சியம்மாள், ஷிஃப்ட் இன்சார்ஜ். கையெழுத்துக்கு இடம் காலியாக இருந்தது.

“நான் டீயை நிப்பாட்டுனேன்னு எங்க சார் சொன்னேன்?”

அந்த செகண்டில் எனக்கு எல்லாம் விளங்கியது. நூல் இல்லாத ‘பிரேக்’, படிக்கிறவனுக்கு டீ பிரேக். தூக்கி எறிந்த ‘யார்ன்’ வந்து என் நெற்றியில் பட்டது.

அந்த ஒரு வாரம் அவருக்கு எப்படிப் போனது என்பதையும் அன்றைக்குத்தான் கேட்டேன். ஆபீசில் டைப் அடிக்கிற பெண் பயோடேட்டாவைப் படித்து, இன்டர்வியூவையும் ஒட்டுக்கேட்டு, வருகிறவள் பழைய மில்லில் எல்லா ஷிஃப்டிலும் டீயை ஒழித்தவள், எதிர்த்தால் தண்ணீர் அடிப்பாள் என்று ஹால் முழுக்கச் சொல்லிவைத்திருக்கிறாள். முதல் நாள் உள்ளே போனால் ஒரு பெண் குடையோடு உட்கார்ந்து பாக்கெட் போட்டுக்கொண்டிருக்கிறாள். வெயிலும் இல்லை, மழையும் இல்லை, மேலே நல்ல கான்கிரீட் கூரை. எதற்குக் குடை என்று இவர் கேட்க, சுப்புத்தாய் என்று ஒருத்தி, அந்த ஹாலுக்கே வாய் அவள்தானாம், எழுந்து நின்று பதில் சொல்லியிருக்கிறாள்.

“மகராசி எப்பம் தண்ணி அடிப்பீயளோன்னு ஒரு முன்னேற்பாடுதான். எங்களுக்கெல்லாம் மாத்துச் சேலை இல்லை பாத்துக்கிடுங்க.”

அதிலிருந்து யாரும் இவரோடு பேசவில்லை. டீ வந்தால் எல்லோருக்கும் கிளாஸ் வரும், இவருக்கு வராது. கேட்டால், நீங்கதான் டீயே வேண்டாம்பீயளே என்று பதில். எச்.ஆர். தம்பியிடம் போய் டீக்கும் எனக்கும் என்ன சம்பந்தம் என்று இவர் கேட்டதற்கு, அவர் சிரித்து, “இந்தத் தன்னடக்கம்தான் மேடம் உங்ககிட்ட எனக்குப் பிடிச்சது” என்றிருக்கிறார்.

“சாயங்காலம் டீ நேரத்துல ஒருத்தி பக்கத்துப் பால்வாடிக்கு ஓடிப் போயி கைப்புள்ளைக்குப் பால் குடுத்துட்டு வாரா சார். நான் கையெழுத்துப் போட்டா அந்தப் புள்ளை வாயில மண்ணு. போடலைன்னா எம் வேலை போயிரும். நான் திருப்பூர் போணும். எம் பொண்ணு தனியா கெடக்கணும். என்ன செய்ய, சொல்லுங்க.”

பத்து வாக்கியக் கோட்டாவை ஒரே மூச்சில் செலவழித்துவிட்டு அவர் என்னைப் பார்த்தார். சரியான யோசனை ஒன்றுதான் இருந்தது. நேரே போய், தப்பு என்னுடையது, ஒரு வார்த்தையை அடித்துவிட்டேன் என்று சொல்வது. ஆனால் போனில் நான் சொன்ன ‘ரூத்லெஸ்’ இருக்கிறதே. உண்மை தெரிந்தால் ராஜபாளையம் மில் ஆபீசுகளில் பத்து வருஷம் என்னை வைத்துச் சிரிப்பார்கள். ஆகவே முப்பது வருஷ அனுபவத்தைத் திரட்டி யோசனை சொன்னேன்.

“இப்பதைக்குக் கையெழுத்துப் போட்டுரும்மா. ரெண்டு மாசம் போகட்டும். பொறவு மெதுவாப் பேசிக்கிடலாம்.”

அவர் நோட்டீசை மடித்து மடியில் வைத்துக்கொண்டார். பிறகு கேட்டார், “நீங்க அந்தக் கம்பெனிக்காரவியட்ட ஒண்ணும் சொல்லலைல்லா?”

“நான் என்ன சொல்லப்போறேன்?” என்றேன். உள்ளே என் மனைவி பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைத்தாள். அந்தப் போனை நான் எப்படிச் சமாளித்தேன் என்று அவளிடம் பெருமையாக நடித்துக் காட்டியிருந்தேன்.

அவர் போன பிறகு மனசு கேட்காமல் நானே ஒரு கடிதம் எழுதினேன். எதில்? இங்கிலீஷில். ஒரு முழுப் பக்கம். பட்டியலைப் பார்த்து எழுதியதில், நடந்தது தப்பு என்கிற ஒரு விஷயம் தவிர மற்ற எல்லாம் அதில் வந்துவிட்டது. திங்கட்கிழமை அரை நாள் லீவு போட்டுவிட்டு அதை எடுத்துக்கொண்டு பேண்டேஜ் கம்பெனிக்குப் போனேன்.

நல்ல நேரத்தில் போய்ச் சேர்ந்தேன். மாலை டீக்கான மணி அடிக்க வேண்டிய நேரம், அடிக்கவில்லை. கையெழுத்து வருமுன்பே எச்.ஆர். தம்பி மணியை நிறுத்தியிருந்தார். ஹாலில் பெண்கள் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். முதலாளி ரூமில் முதலாளி, எச்.ஆர். தம்பி, மேஜைக்கு முன்னால் பேச்சியம்மாள். நோட்டீசில் கையெழுத்து இல்லை. முதலாளி அறுபது வயதுக்காரர், வீட்டில் தெலுங்கு பேசுகிறவர், தறிச் சத்தத்தில் வளர்ந்தவர். மகன் கூட்டி வந்த ஆளின் வேலையில் தலையிடக் கூடாது என்று அதுவரை ஒதுங்கியிருந்திருக்கிறார். இப்போது வேலை நின்றதால் வந்திருந்தார்.

நான் கடிதத்தைப் பிரித்து வாசிக்க ஆரம்பித்தேன். மூன்று வரி போயிருக்கும்.

“ஏமய்யா, உமக்குத் தமிழ் வராதா?” என்றார் முதலாளி.

நான் நின்றுவிட்டேன். அதற்குள் எச்.ஆர். தம்பி முந்திக்கொண்டார். “சார், இவரே எனக்கு போன்ல கன்ஃபர்ம் பண்ணார். பிரேக் விஷயத்துல அந்தம்மா இரக்கமே பாக்க மாட்டாங்க, ரூத்லெஸ்னார்.”

பேச்சியம்மாள் திரும்பி என்னைப் பார்த்தார். ஒரு பார்வைதான். எனக்குத் தெரிந்த எந்தப் பட்டியலிலும் அதற்கு வார்த்தை இல்லை.

பிறகு அவர் என்னை விட்டுவிட்டார். மேஜை மேல் சாம்பிளுக்கு வைத்திருந்த பேண்டேஜ் துணிச் சுருள் ஒன்றை எடுத்தார். ஓரத்தில் ஒரு நூலை நகத்தால் நிமிண்டி உருவி, இரண்டு கையிலும் பிடித்து முதலாளி முகத்துக்கு நேரே நீட்டினார். வெடுக்கென்று இழுத்தார். அறுந்தது.

“இதான் சார் பிரேக்கு. இதைத்தான் கொறைச்சேன். டீயை இல்லை.”

அறுந்த நூலைப் பிடித்தபடியே தொடர்ந்தார். “எனக்கு நூலைப் பாத்துக்கிடத் தெரியும். ஆளுவளை ஓட்டத் தெரியாது. தண்ணி அடிச்சது நூலுக்கு. வேலை இல்லைன்னா சொல்லிருங்க, நான் இப்பமே போறேன். ஆனா எம் பேரைப் போட்டு அந்தத் தாளை ஒட்டாதீய.”

முதலாளி அறுந்த நூலை வாங்கிப் பார்த்தார். எச்.ஆர். தம்பியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். நூலைப் பற்றி ஒன்றும் தெரியாதவர் ஒருவர், எல்லாம் தெரிந்தும் எழுதாதவர் ஒருவர். எங்கள் இரண்டு பேரில் யாரைத் திட்டுவது என்று அவர் ஒரு முடிவுக்கு வர முடியாமல் தவித்தார் என்று நினைக்கிறேன். கடைசியில் இரண்டு பேரையும் விட்டுவிட்டார். அது திட்டியதைவிட மோசமாக இருந்தது.

பேச்சியம்மாளிடம், “இன்சார்ஜ் வேலை உனக்கு இல்லைம்மா. அது தப்பா எழுதினதுக்குக் குடுத்தது” என்றார். அவர் செத்த நேரம் நூலை விரலில் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, “பின்னாடி தறி ஷெட்டுல பாவு நூலு ரொம்ப அறுதுன்னு கத்துறாங்க. ஒரு மாசம் அங்க நின்னு பாரு. அறுறது கொறைஞ்சா இருந்துக்கோ” என்றார்.

ஷிஃப்ட் இன்சார்ஜ் நாற்காலியிலிருந்து, ஒரு மாதத் தவணையில் தறி ஷெட்டுக்கு. சரி என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுப் பேச்சியம்மாள் வெளியே நடந்தார். நானும் பின்னாலேயே போனேன். இங்கிலீஷ் கடிதத்தோடு அந்த ரூமில் நிற்க எனக்கு வேறு காரணம் இல்லை. ரூமுக்குள் நடந்தது ஜன்னல் வழியாக ஹாலுக்கு ஏற்கனவே போயிருந்தது. மணி அடித்தது, டீ வந்தது. சுப்புத்தாய் பெஞ்சில் ஒதுங்கி இடம் விட்டாள்.

“உக்காருங்கக்கா. குடையை மடக்கச் சொல்லட்டா, இல்லை ரெண்டு நாள் போகட்டுமா?”

பேச்சியம்மாள் சிரித்து நான் பார்த்தது அன்றைக்கு ஒரு தடவைதான். எனக்கு யாரும் டீ கொடுக்கவில்லை. கேட்கிற நிலைமையில் நானும் இல்லை.

ஒரு மாதத்தில் தறி ஷெட்டில் பாவு அறுவது குறைந்தது. அவர் அங்கேயே நிலைத்துவிட்டார். எச்.ஆர். தம்பி ஆறு மாதத்தில் வேறு ஊருக்குப் போனார். ஒருநாள் இன்டர்நெட்டில் அவருடைய பயோடேட்டாவைப் பார்க்க நேர்ந்தது. அதே ‘ஸ்பியர்ஹெடட்’டை வைத்து, தொழிலாளர் தகவல் தொடர்பு நெருக்கடி ஒன்றை முன்னின்று தீர்த்துவைத்தார் என்று போட்டிருந்தது. அவரை நான் குறை சொல்ல மாட்டேன். அவருக்கு வார்த்தையின் அர்த்தமாவது தெரிந்திருந்தது.

இப்போது நீங்கள் உட்காருகிற நாற்காலிக்கு வரும் பயோடேட்டாக்கள் இன்னும் மோசம் என்று கேள்விப்படுகிறேன். போனிடம் சொன்னால் அதுவே எழுதிக் கொடுத்துவிடுகிறதாம். கிருஷ்ணன்கோவில் பக்கம் காலேஜ் பஸ்ஸிலிருந்து இறங்குகிற பிள்ளைகள் எல்லோரும், இன்னும் ஒரு நாள்கூட வேலை பார்க்காமலே, எதையோ முன்னின்று நடத்தி, எதையோ புரட்டிப் போட்டுவிட்டுத்தான் வருகிறார்களாம். எல்லோரும் முன்னால் நின்றால் பின்னால் நின்று வேலை பார்த்தவர் யார் என்று யாராவது கேளுங்கள். அதைவிடச் சுலபமான வழி ஒன்று உண்டு. கம்பீரமான வார்த்தை ஒன்று கண்ணில் பட்டால், எழுதியவரைக் கூப்பிட்டு, அதைக் கையால் செய்து காட்டச் சொல்லுங்கள். செய்து காட்டத் தெரிந்தவரை எடுத்துக்கொள்ளுங்கள். எழுதிக் கொடுத்தது உங்களைப் போல ஒரு ஆபீசர் என்று தெரிந்தால், அந்த ஆபீசரையும் கூப்பிட்டுக் கேளுங்கள். முக்கியமாக அவரைக் கேளுங்கள்.

டீ விவகாரம் முடிந்து கொஞ்ச நாள் கழித்து, பன்னிரண்டாவது ரிசல்ட் வந்த பிறகு, ஸ்ரீவில்லிபுத்தூர் பஸ் ஸ்டாண்டில் பேச்சியம்மாளைப் பார்த்தேன். பக்கத்தில் மகள், கையில் காலேஜ் விண்ணப்பம். நல்ல மார்க். அந்த விண்ணப்பத்தில் உன்னைப் பற்றி இங்கிலீஷில் ஒரு பத்தி எழுது என்று கேட்டிருந்தார்கள். அந்தப் பெண் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தாள். பார்த்ததும் எனக்குக் கை துறுதுறுத்தது. கொண்டா பாப்பா, நான் எழுதித் தாரேன் என்று கையை நீட்டினேன்.

பேச்சியம்மாள் விண்ணப்பத்தை வாங்கி மடித்துத் தன் பைக்குள் வைத்துக்கொண்டார். கோபம் ஒன்றும் இல்லை, சாதாரணமாகத்தான் சொன்னார்:

“சார், உங்களுக்கு யாருக்காச்சும் உதவி பண்ணணும்னு தோணுச்சுன்னா, ஒரு இடத்துல செத்த நேரம் உக்காந்திருங்க. அது போயிரும்.”